ரேஷன் கார்டில் மூன்றாவது பெயர்

நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
14.8.2005

மரியே வாழ்க!

அன்புத் தங்கை ஜெர்லினுக்கு,

மாதாவின் தயவில் இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பா, அம்மா, நீ மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் தாடை வீக்கம் வடிந்ததா, இல்லை கிராம்புத் தைலம் தடவிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறாளா? அவளைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லடி" என்பாள். நீயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுது.

இங்கே எங்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான். போன் கிடையாது. எழுதியதை மதர் ஒரு முறை படித்துவிட்டுத் தபாலில் போடுவார். எனக்கு இப்போதும் மாட்டுக் கொட்டகை வேலைதான். நாலு மாடு, இரண்டு கன்று. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நின்று பாத்தி மிதித்த உடம்புக்கு இதெல்லாம் ஒரு வேலையா, சொல்.

வருகிற மே 31-ஆம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றைக்குத்தான் முழுக் கன்னியாஸ்திரி ஆகிறேன். நீங்கள் மூவரும் முன்வரிசையில் உட்கார வேண்டும். இப்போதே அப்பாவிடம் சொல்லி வை, அந்த நேரம் பார்த்து "உப்பு வாரணும்" என்று நழுவிவிடுவார்.

நீ பிளஸ் டூ வந்துவிட்டாய். டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். ஒரு வரி போதாது, விவரமாக எழுது.

வெள்ளை முக்காடு போட்ட அன்று எடுத்த என் போட்டோ மாதா படத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? சீரியல் பல்பு எரிகிறதா?

உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கும் அக்கா,
லூர்துமேரி

*

மரக்காணம்
4.9.2005

மரியே வாழ்க!

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லோரும் நலம். நீயும் உன் நாலு மாடுகளும் நலமா? போட்டோ இருக்கிறது. பல்பில் ஒரு பச்சை மட்டும் அவிந்துவிட்டது, அப்பா மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அதாவது மாற்றமாட்டார்.

டாக்டர் என்று எழுதியது சும்மா டாக்டர் இல்லை. பல் டாக்டர். சிரிக்காதே. ஸ்கூலில் சொன்னதற்கு எங்கள் பயாலஜி மிஸ்ஸே சிரித்தார். "மார்க் பத்தாதவங்க எடுக்கிறதும்மா அது, நீ எம்.பி.பி.எஸ்.னு சொல்லு" என்றார். ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு வேண்டியது இதுதான்.

அம்மாவுக்கு வீக்கம் அதிகமாகிக் கண் வரைக்கும் ஏறிவிட்டது. உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜூலையில் பங்குக் கோயில் ஸ்கூலில் பல் கேம்ப் போட்டார்கள், இழுத்துக்கொண்டு போனேன். நம் தெரு ஆட்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், அது வழக்கம்தானே. வந்திருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். அம்மாவின் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் கையை விட்டு, சீழெல்லாம் எடுத்துவிட்டு, அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "எத்தினி நாளா இந்த வலியோட உப்பு தூக்கினீங்க?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டாள். பல் வலியில் அழாதவள் அதற்கு அழுதாள். வீட்டுக்கு வரும்போது, "கடைக்காரன் கூட சில்லறையை என் கையில போட மாட்டான். அந்தப் பொண்ணு வாய்க்குள்ளயே கைய வுட்டுச்சே" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் திண்டிவனத்துக்குக் கோச்சிங் போகிறேன். சாமியாரிடம் கோள் சொல்லிவிடாதே. பிளஸ் டூ மார்க்குக்கு இருநூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு, ஆக முந்நூறுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. முட்டை மாதிரி வட்டம் போட்டிருப்பான், பென்சிலால் அதை நிரப்ப வேண்டும். நம் வீட்டு உப்புக் காற்றுக்குப் பேப்பர் நமுத்துப் போகிறது, பென்சில் ஏறவே மாட்டேன் என்கிறது. பேப்பரை அரிசி டிரம்முக்குள் வைத்து எடுத்துப் பழகுகிறேன்.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
ஜெர்லின்

*

நவகன்னியர் இல்லம்
9.10.2005

மரியே வாழ்க!

அன்புப் பல் டாக்டருக்கு,

மாடுகள் நலம், நானும் நலம். அம்மா விஷயத்தை எனக்கு மறைத்தாயே, உன் பல்லைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். இனி இந்த வேலை வேண்டாம். நான் வீட்டை விட்டு வந்தேனே தவிர, வீட்டை விட்டுப் போகவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த மிஸ்ஸுக்கு என்றைக்காவது கடைவாய்ப் பல் வலிக்காமலா போகும்?

ஒன்று கேட்க வேண்டும். அப்ளிகேஷனில் நீ செந்தமிழ்தானே? ஜெர்லின் இல்லையே? இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வரும். அரசு ஆதிதிராவிடர் ஹாஸ்டலில் எனக்கு இடம் கேட்டு அப்பா போய் நின்றார். "லூர்துமேரியா? கிறிஸ்டினா? அப்ப நீங்க எஸ்.சி. கிடையாது, பி.சி." என்று திருப்பி அனுப்பினார்கள். அதே தெரு, அதே உப்பு, அதே கூலி. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கழுவிக்கொண்டு போய்விட்டதாம்! ஊரில் ஒருத்தனுக்கும் அது தெரியவில்லை, சர்க்காருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்த வாரமே உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அப்பா, செந்தமிழ், இந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை சிஸ்டர்கள் தங்கள் போர்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள், அப்படியே இங்கே வந்துவிட்டேன்.

அப்பாமேல் குற்றம் சொல்லவில்லை. பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் வேலை மாற்றிவிட்டார்கள். மாடுகள் பழகிவிட்டதால் எனக்கு அதே வேலைதான். வீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். சுவரும் தெரிகிற மாதிரி எடு.

அன்பு அக்கா,
லூர்துமேரி

*

மரக்காணம்
27.11.2005

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். இங்கே விடாத மழை. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீர். அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா பெருமுக்கல் பக்கம் களை எடுக்கப் போகிறாள்.

சாதிச் சான்றிதழ் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள், பழையது செல்லாதாம். எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்குள் எவனோ பேர் போடாமல் தாலுக்கா ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான், இந்தக் குடும்பம் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்று. எங்கள் ஸ்கூலில் என்னைவிட மார்க் குறைந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் வீடாகத்தான் இருக்கும். நேருக்கு நேர் வந்து கேட்டால் என்ன? நான் தெர்மோடைனமிக்ஸ் படிப்பேனா, எவன் எழுதியது என்று யோசித்துக்கொண்டிருப்பேனா?

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் பிரச்சினை இல்லை. நீ கவலைப்படாதே.

போட்டோ எடுக்க ஆள் கிடைக்கவில்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கிறது, எடுத்தாலும் நன்றாக இருக்காது.

அன்புடன்,
ஜெர்லின்

*

நவகன்னியர் இல்லம்
18.12.2005

மரியே வாழ்க!

அன்புத் தங்கைக்கு,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் மூவருக்கும் நல்ல சுகம் தரட்டும்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். தலையில் 'மரியே வாழ்க' இல்லை. கடிதம் எழுதப் பழகின நாளிலிருந்து நீ அதைப் போடாமல் எழுதியதில்லை. மறந்தாயா? மறந்திருந்தால் பரவாயில்லை, பிசிக்ஸ் தலைக்கேறிவிட்டது என்று விட்டுவிடுகிறேன். மறக்கவில்லை என்றால் சொல்.

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், போனார் என்று எழுதியிருக்கிறாய். எதைப் பார்த்தார்? மாதா படத்தைப் பார்த்தாரா? என் போட்டோவைப் பார்த்தாரா? சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அந்தப் போட்டோவை எங்கே கழற்றி வைத்தீர்கள்? ஒரு வரியில் பதில் போதும்.

இன்னொன்று. வார்த்தைப்பாடு முடிந்ததும் என்னை நர்சிங் படிக்க அனுப்பப் போகிறார்கள். அதற்கு ரேஷன் கார்டு நகல் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஜனவரிக்குள் அனுப்பு.

அம்மா கிறிஸ்துமஸுக்கு என்ன செய்கிறாள்? அதிரசம் சுட்டால் எனக்கு அனுப்ப வேண்டாம், நொறுங்கிப் போகும். நீயே இரண்டு சேர்த்துத் தின்னு. தின்றதும் வாயைக் கொப்பளி, டாக்டரே.

அன்பு அக்கா,
லூர்துமேரி

*

மரக்காணம்
29.1.2006

அன்புள்ள அக்கா,

அனைவரும் சுகம். நீ சுகமா?

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டாயா? இந்த வருஷம் நுழைவுத் தேர்வே கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லதாம். நல்லதாகவே இருக்கட்டும், அதை ஜூன் மாதமே சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேனே. இதிலும் நிம்மதி இல்லை. கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார்களாம், திரும்ப வந்தாலும் வருமாம். படிப்பதா, மூடி வைப்பதா? கோச்சிங் சாரைக் கேட்டால், "படிச்சி வையிங்க, படிச்சது கெட்டா போவும்?" என்கிறார்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது.

ரேஷன் கார்டை ஏதோ திருத்தம் செய்ய ஆபீசில் வாங்கி வைத்திருக்கிறார்கள். வந்ததும் அனுப்புகிறேன். போட்டோ பத்திரமாக இருக்கிறது.

பரீட்சை நெருங்குவதால் அதிகம் எழுதவில்லை.

ஜெர்லின்

*

நவகன்னியர் இல்லம்
12.3.2006

மரியே வாழ்க!

ஜெர்லினுக்கு,

அங்கே எல்லோரும் சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை நான் சுகமா என்று நீ சொல், உனக்குத்தான் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

உனக்குப் பரீட்சை நேரம் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். கார்டு நகல் வரவில்லையே என்று நம் பங்குக் கோயில் உபதேசியார் சவரிமுத்துவுக்கு எழுதினேன். அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா கார்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பாவம், அவளுக்கு எழுத்து தெரியாது. அவரும் கண்ணாடி இல்லாமல் ஜெராக்ஸ் எடுத்து அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டார்.

வரிசை ஒன்று, அமிர்தசாமி. இரண்டு, ஆனந்தம்மாள். மூன்று, லூர்துமேரி. என் பெயர் மேல் ஒரு கோடு. பக்கத்தில் "பெயர் நீக்கம், இறப்பு" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து. தேதி டிசம்பர் 2. நான்கு, செந்தமிழ்.

அதிரசம் இரண்டு சேர்த்துத் தின்னு என்று நான் எழுதியபோது செத்துப் பதினாறு நாள் ஆகியிருக்கிறது எனக்கு!

இதை மதரிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. "என்ன லூர்து, இது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன சொல்வது பின்னே? இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டு "இதை அனுப்பத்தான் வேணுமா?" என்று கேட்டார். அனுப்புங்கள் மதர் என்றேன்.

யார் செய்தது? அப்பாவா? நீ எங்கே இருந்தாய் அப்போது? வாயில் என்ன வைத்திருந்தாய்? இரண்டு கடிதம் எழுதினாயே, நுழைவுத் தேர்வு இருக்கிறது, இல்லை, மழை பெய்கிறது, ஓதம் ஏறுகிறது என்று! உன் அக்கா செத்த செய்தியை அதில் ஒரு வரி எழுத உனக்கு இடம் கிடைக்கவில்லையா?

பரீட்சை நன்றாக எழுது.

லூர்துமேரி

*

மரக்காணம்
2.4.2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கெமிஸ்ட்ரிக்கு முதல் நாள் வந்தது. எழுதிவிட்டேன். எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகு பதில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன், முழுசாகக் கேள்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா மாதா படத்தையும் உன் போட்டோவையும் கழற்றினார். அரிசி டிரம்மைத் திறந்து அரிசிக்குள் புதைத்தார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார், ஆணி இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ரேஷன் கார்டைக் கேட்டார். அதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. "லூர்துமேரி யாரு?" என்றார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "பெரிய பொண்ணு சார். செத்துட்டா" என்றார்.

அக்கா, அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே பயந்து போனார். "செத்துட்டா கார்டுல எதுக்கு இருக்குது? பேரை எடுத்துட்டு வந்து காட்டு, அப்பதான் கையெழுத்து" என்றார் இன்ஸ்பெக்டர். எடுத்துக் காட்டினோம். சான்றிதழ் வந்தது. என் வாயில் என்ன வைத்திருந்தேன் என்று கேட்டாயே, என் சீட்டை வைத்திருந்தேன். வேறு என்ன?

உனக்குக் கோபம் வர உரிமை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. நான் என்ன பொய் சொன்னேன்? செந்தமிழ் என்ற பேர் பொய் என்றால், பி.சி. என்று அவர்கள் எழுதுவது நிஜமா? சர்க்கார் கண்ணுக்கு நாம் கிறிஸ்டின். கோயிலுக்குள் போனால் நாம் அந்தத் தெரு. தேர் நம் தெருப் பக்கம் திரும்பாது. நம் தெருச் சவம் கோயில் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது, பக்கவாட்டில்தான் போக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகிறார்கள், நடுவில் நான் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்!

தேர்வு உண்டு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. மூடின புத்தகத்தைத் திறந்துவிட்டேன். தினமும் எட்டு மணி நேரம் படிக்கிறேன். கோச்சிங்கில் வைத்த மாதிரித் தேர்வில் வந்த மார்க்குக்கு எஸ்.சி. பட்டியல் என்றால் எனக்கு நிச்சயம் இடம், பி.சி. என்றால் கிடையாது என்று சார் சொல்லிவிட்டார்.

இன்னும் முடியவில்லை. இரண்டாவது மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. பெரிய பெண் சாகவில்லை, திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரியாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். மே 31-ஆம் தேதி தாசில்தார் முன்னால் நேரில் வர வேண்டுமாம். உன் இறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம். இல்லையென்றால் என் சான்றிதழ் ரத்து. சான்றிதழ் எழுதித் தர ஓர் ஆள் இருக்கிறான் என்று அப்பா சொல்கிறார். மே 31 என்ன நாள் என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது. 

வாங்கவா, வேண்டாமா? நீயே சொல். உன்னைக் கேட்காமல் ஒரு முறை செய்தது போதும்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது, சுவர் ஓதம் காயும் வரை படங்கள் டிரம்மில் இருக்கட்டும் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறோம்.

ஜெர்லின்

*

நவகன்னியர் இல்லம்
7.5.2006

மரியே வாழ்க!

அன்புத் தங்கை ஜெர்லினுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், எட்டு மணி நேரம் படிக்கிறவள் எட்டு மணி நேரம் தூங்கவும் வேண்டும். இந்தக் கடிதத்தை மதர் படிக்கவில்லை. பால் வாங்க வரும் பொன்னி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வந்து நான் செய்த முதல் களவு இது.

வாங்கவா, வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாய். நல்ல கேள்விதான்! சாகிறவளிடமே கேட்கிறாய். வேண்டாம் என்று சொன்னால் உன் படிப்பைக் கெடுத்தவள் நான். வாங்கிக்கொள் என்று சொன்னால் என் சாவுக்கு நானே கையெழுத்துப் போட்டவள். இரண்டையும் சொல்ல மாட்டேன், போ. வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் செய்: தேதி என்ன போடுவது என்று அவன் கேட்டால், டிரம்மின் மூடியை நீ சாத்திய தேதியைப் போடச் சொல்.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் வைத்திருந்தேன். கிழித்துப் போடவில்லை, இருக்கட்டும். ஆனால் நான் உன்மேல் கத்தியபோது ஒன்றை மறைத்தேன். நீ மறைத்ததற்கு அவ்வளவு கத்தினேனே, நானும் அதைத்தான் செய்தேன்.

நான் வந்த முதல் வாரம், சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கூட இருந்த ஒரு சிஸ்டர், "நீங்க மரக்காணத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் காலையில் எனக்கு மாட்டுக் கொட்டகை. அன்றிலிருந்து ஒன்றே முக்கால் வருடம். சமையல்கட்டு, பீடம் அலங்காரம், சாக்ரிஸ்டியில் பூசை உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் எல்லோருக்கும் மாறி மாறி வரும். எனக்கு வரவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, சிரித்துக்கொண்டேதான் கொட்டகைக்கு அனுப்புகிறார்கள். மாடுகள் பழகிவிட்டன என்று உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை, மாடுகள் மட்டும்தான் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

அதனால் நீ கேட்டது சரி. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டு நம்மில் எது மாறியது என்று எனக்கும் தெரியவில்லை. சாமியை நான் விடப் போவதில்லை, அது இவர்கள் வீட்டுச் சொத்து இல்லை. வார்த்தைப்பாடு கொடுப்பேன். அதற்கு முன்னால் மதரிடம் கேட்கப் போகிறேன், கொட்டகை எனக்கு மட்டும் ஏன் என்று. என்ன ஆனாலும் ஆகட்டும்.

31-ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பூசை. முன்வரிசையில் மூன்று நாற்காலி போட்டு வைப்பார்கள். வர மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

தேர்வுக்குப் போகும்போது இரண்டு பென்சில் எடுத்துப் போ.

உன் அக்கா,
லூர்துமேரி

*

மரக்காணம்
11.6.2006

மரியே வாழ்க!

அன்புள்ள அக்கா,

வெள்ளை முக்காடு போய்க் கறுப்பு வந்துவிட்டதாமே, தலை கனக்கிறதா? சுகமா இருக்கிறாயா? இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம்.

தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். பயாலஜியில் பல்லைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, அநியாயம்.

31-ஆம் தேதி முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகவும் ஒன்றில் அம்மாவும் இருந்ததைப் பார்த்திருப்பாய். உன் கடிதத்தை நான் அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன், கார்டையும் காட்டினேன். கோட்டின் மேல் விரலை வைத்து, "இதுவா? இந்த எழுத்தா செத்துட்டான்னு சொல்லுது?" என்று கேட்டாள். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் சோறு போடவில்லை, அவ்வளவுதான். பிறகு டிரம்முக்குள் கையை விட்டு உன்னையும் மாதாவையும் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினாள். பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் போகாதவள், பஸ் பஸ்ஸாக மாறி, போர்டு படிக்கத் தெரியாமல் கேட்டுக் கேட்டுத் திண்டுக்கல் வந்து சேர்ந்திருக்கிறாள். பூசை முடிந்ததும் மற்றவர்கள் கேக் சாப்பிட, உன் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாமே. "நாலு மாடும் சுத்தமா இருக்குது. நம்ம பொண்ணு கையி" என்று இங்கே வந்து சொன்னாள். உன் மதர் சிலுவையைத் தடவிக்கொண்டு நின்றார் என்றும் சொன்னாள். இனி சமையல்கட்டு முறை உனக்கு வருகிறதா என்று எழுது. வரவில்லையென்றால் அம்மா மறுபடியும் வருவதாக இருக்கிறாள்.

அதே நேரத்தில் நானும் அப்பாவும் தாலுக்கா ஆபீசில் நின்றோம். அப்பா சட்டைப் பைக்குள் அந்தச் சான்றிதழ் இருந்தது. ஆமாம், வாங்கிவிட்டார். தாசில்தார் கேட்டதும் அப்பா பைக்குள் கையை விட்டார். கை வெளியே வரவில்லை அக்கா. அப்படியே நின்றார். மணி பத்தரை. நீ அந்த நேரம் வார்த்தைப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாய் என்று அவருக்கும் எனக்கும் தெரியும்.

நான் உன் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். "சார், இது என் அக்கா எழுதினது. தேதி பாருங்க, மே ஏழு. செத்தவங்க கடிதாசி எழுத மாட்டாங்க" என்றேன். அவர் முழுசும் படித்தார். எவ்வளவு நேரம் படித்தார் தெரியுமா? கொட்டகை வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பொய் சொன்னதுக்கு உங்க மேல கேஸ் போடலாம், தெரியுமா?" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடுங்க சார். ஆறாவதுல எங்க அக்காவை ஹாஸ்டல் வாசல்லயே திருப்பி அனுப்பினாங்களே, அவங்க மேலயும் சேர்த்துப் போடுங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "நீ ஒருத்தி மட்டும் தாய் மதம் திரும்பிட்டதா எழுதிக் குடேன்மா. எத்தினியோ பேர் செய்யிறாங்க. சீட்டு கிடைக்கும்" என்றார். அக்கா, அந்த நேரம் எனக்கு ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. அந்த டாக்டரம்மாவின் கை எனக்குக் கண்ணிலேயே நின்றது. "அப்ப சுவத்துல இருக்கிற எங்க அக்காவை மறுபடியும் எங்க சார் வைக்கிறது? டிரம்முலயா?" என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து அப்பா அந்தச் சான்றிதழை நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் கீழே போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார்.

ரிசல்ட் வந்தது. முந்நூறுக்கு இருநூற்று எழுபத்திரண்டு. எஸ்.சி. பட்டியலில் இருந்திருந்தால் பல் மருத்துவம் கையில். பி.சி. பட்டியலில் இல்லை. சும்மா சொல்லவில்லை, வயிறு எரிகிறது. ராத்திரி பகல் எரிகிறது. மார்க்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, படித்த மூளை மாறவில்லை, பேர் இருந்த பட்டியல் மட்டும் மாறியது. விழுப்புரத்தில் பி.எஸ்சி. விலங்கியலுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடியும் எழுதுவேன், அப்போது நுழைவுத் தேர்வு இருந்தால். இல்லாவிட்டால் வேறு வழி பார்ப்பேன். பல் வலிக்கிற ஜனம் எங்கே போய்விடப் போகிறது?

கடைசியாக உன் கார்டு விஷயம். உன் பெயரைத் திரும்பச் சேர்க்க 7-ஆம் தேதி போனேன். கிளார்க் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிச்ச பேரை மறுபடி எழுதறதுக்கு வழியே இல்லம்மா. செத்துட்டாங்கன்னு முத்திரை இருக்குது. புதுசாத்தான் சேக்கணும். சேக்கறதுக்குக் காரணம் ரெண்டுதான், பிறப்பு, இல்லன்னா கல்யாணம்" என்றார். கல்யாணம் உனக்கு ஆகாது. "அப்ப பிறப்புன்னு போடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார், முத்திரை குத்தினார்.

இத்துடன் நகல் வைத்திருக்கிறேன், உன் நர்சிங்குக்குக் கொடு. மூன்றாவது வரியில் கோடு அப்படியே இருக்கிறது. நாலாவது நான். ஐந்தாவதாக லூர்துமேரி, பிறந்த நாள் 7.6.2006. சர்க்கார் கணக்குப்படி இனி நீ எனக்குத் தங்கை. மரியாதையாக எழுது.

உன் அக்கா,
ஜெர்லின்